ஓவியம் மாதிரி டி.வி... உயரம் சரியா?

ஹாலுக்குள் நுழைந்ததும் சுவரில் அழகான ஓவியம். ரிமோட்டை அழுத்தினால்... அடடே, டி.வி.! சாம்சங் 2017-ல் 'தி ஃப்ரேம்' என்று கொண்டுவந்த இந்த ரகம் இப்போது வேறு கம்பெனிகளிலும் கிடைக்கிறது. இடைவெளியே இல்லாமல் சுவரோடு ஒட்டி நிற்கும். குழந்தைகள் இழுத்து மேலே தள்ளிக்கொள்ளும் பயமும் குறைவு. நல்லதுதான்.

ஆனால், 'ஓவியம்தானே' என்று சாமி படம் மாட்டுகிற உயரத்தில் அதை மாட்டச் சொல்லிவிடுகிறோமே, அதுதான் தப்பு!

ஓவியத்தை நின்றுகொண்டு அரை நிமிஷம் பார்ப்போம். டி.வி.யை உட்கார்ந்து 3 மணி நேரம் பார்க்கிறோம். சோபாவில் உட்கார்ந்தால் பெரியவர்களின் கண் தரையிலிருந்து சுமார் 42 அங்குலத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதியும் அங்கேதான் வரவேண்டும். 55 அங்குல டி.வி.யின் உயரம் ஏறக்குறைய 28 அங்குலம். ஆக, அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து 28 அங்குலத்தில் இருந்தால் போதும். அதற்கு மேலே போகப் போக, அண்ணாந்து பார்த்தே பிடரி வலிக்கும். கண்ணை அகல விரிப்பதால் கண்ணும் சீக்கிரம் உலர்ந்துபோகும்.

சாய்க்கிற பிராக்கெட் என்றால் கொஞ்சம் சமாளிக்கலாம். சுவரோடு ஒட்டியதைச் சாய்க்க முடியாதே! ஒயரையும் சுவருக்குள் பதித்துவிட்டால், பிறகு இறக்க சுவரை உடைக்கணும்.

அதனால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடும் முன், டி.வி. அளவுக்குப் பழைய பேப்பரைச் சுவரில் ஒட்டி, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். முகவாய் மேலே தூக்குகிறதா? இன்னும் கீழே இறக்குங்க!

விருந்தாளி ரசிப்பது 2 நிமிஷம். கழுத்து வலி உங்களுக்குத்தானே?