தட்டைப் பாதமும் மிதிவண்டியும்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து மீன்பெட்டியைப் பின்னே கட்டிக்கொண்டு பொன்னேரிச் சாலையில் மிதிவண்டி மிதிக்கும் வியாபாரிக்கு, உள்வளைவின்றித் தரையோடு படியும் பாதம் அமைந்திருக்குமாயின், துவளும் ரப்பர் செருப்பு நாளடைவில் வேதனை தரக்கூடும். 2,300 இந்தியச் சிறுவர்களைப் பரிசோதித்த ராவ், ஜோசப் என்னும் மருத்துவர்கள், காலணி அணிந்தோரில் 8.6 சதவீதத்தினருக்கும் வெறுங்காலோடு திரிந்தோரில் 2.8 சதவீதத்தினருக்குமே தட்டைப் பாதம் இருந்ததாக 1992-இல் எழுதியதை நோக்குமிடத்து, குப்பத்துப் பிள்ளைகள் மணலில் ஓடுவதை நாம் பரிகசிக்க நியாயமில்லை. வலியில்லாத தட்டைப் பாதம் வியாதியுமன்று. வலியுள்ள பெரியவர்களுக்கோ, விறைப்பான அடித்தட்டும், விரல்கள் நெருக்குண்ணாத விசாலமும், உட்புறத்தைத் தாங்கும் மேடும் உடைய சாதாரணக் காலணியே உசிதம். பந்தயக்காரர் அணியும் விலையுயர்ந்த காலணி அநாவசியம். பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலைவேளையில் அணிந்து பார்த்து வாங்குங்கள்.