கடை என்றால் செயலியும்தான்

இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலை 24 அன்று வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது நம் ஊடகங்கள் ஸ்காட்ச் விஸ்கியின் விலையைப் பற்றிப் பேசின. 150 விழுக்காடு இறக்குமதி வரி 75 ஆகும், பத்தாண்டுகளில் 40 ஆகும் என்றன. திருப்பூர்ப் பின்னலாடைக்கு அங்கே வரி இருக்காது என்ற செய்தியும் வந்தது. அது நல்ல செய்திதான். அதே ஒப்பந்தத்தின் 12ஆம் அத்தியாயம் டிஜிட்டல் வர்த்தகம் பற்றியது. அதில் மூலநிரல் குறித்து ஒரு விதி இருக்கிறது. சமூகநீதி பேசும் நம் வட்டாரங்களில் அந்த விதி அதிகம் பேசப்படவில்லை.

மூலநிரல் என்பது பொறியாளர்கள் எழுதியபடியே இருக்கும் மென்பொருள். யாருக்கு வேலை ஒதுக்குவது, யாருடைய கடன் விண்ணப்பத்தைத் தள்ளுவது என்று ஒரு செயலி எப்படி முடிவெடுக்கிறது என்பதைத் தேடினால், முதலில் அங்கேதான் போக வேண்டும். ஒப்பந்த விதி சொல்வது இதுதான்: மற்ற நாட்டு நிறுவனத்தின் மென்பொருளை இறக்குமதி செய்யவோ விற்கவோ பயன்படுத்தவோ அனுமதிக்கும்போது, 'மூலநிரலைக் காட்டு' என்று அரசு நிபந்தனை போடக் கூடாது. விதிவிலக்கு உண்டு. குறிப்பிட்ட ஒரு விசாரணைக்காக ஒழுங்குமுறை அமைப்போ நீதிமன்றமோ கேட்கலாம். இதைக் காட்டித்தான் ஒன்றும் பறிபோகவில்லை என்று வாதிடுகிறார்கள். ஆனால் விசாரணை தொடங்க வேண்டுமென்றால் பெரும்பாலும் யாராவது புகார் கொடுக்க வேண்டும். தனக்கு நடந்தது பாகுபாடு என்றே தெரியாதவர் என்ன புகார் கொடுப்பார்?

தேநீர்க்கடையின் இரட்டைக் குவளை கண்ணுக்குத் தெரியும். வாடகைக்கு வீடு இல்லை என்று சொல்லும் உரிமையாளரின் முகம் காட்டிக்கொடுத்துவிடும். செயலிக்கு முகம் இல்லை. 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை' என்பதோடு அது முடித்துக்கொள்ளும். நிரலுக்குள் சாதி என்ற சொல்லே இருக்க வேண்டியதில்லை. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நாட்டில் முகவரி போதும். வட மாநிலங்களில் குடும்பப் பெயரே போதும். இயந்திரக் கற்றல் வந்தபிறகு சிக்கல் இன்னும் கூடிவிட்டது. இத்தனை காலம் யாருக்கு வேலை கிடைத்தது, யாருக்குக் கடன் கிடைத்தது என்ற பழைய தரவிலிருந்து அது கற்றுக்கொள்கிறது. அந்தப் பழைய காலம் எப்படிப்பட்டது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் மூலநிரலை மட்டும் பார்த்தால்கூடப் போதாது. பயிற்சிக்குக் கொடுத்த தரவையும் பார்க்க வேண்டும். நாமோ முதல் கதவையே சாத்திவிட்டு நிற்கிறோம்.

வெளியிலிருந்து சோதித்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். ஃபோக்ஸ்வேகன் என்ன செய்தது? சோதனை நடக்கிறதா இல்லையா என்று காரின் மென்பொருளே கண்டுபிடித்தது. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்தது. 2015இல் குட்டு வெளிப்பட்டபோது உலகம் முழுக்க ஏறத்தாழ 1.1 கோடி கார்களில் அந்த மென்பொருள் இருந்தது. புகையையாவது கருவி வைத்து அளக்கலாம்.

இத்தாலியின் போலோன்யா நகர நீதிமன்றம் 2020 டிசம்பர் 31 அன்று ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்கு, லண்டனில் தொடங்கப்பட்ட டெலிவரூ உணவு விநியோக நிறுவனத்தின் மீது. முன்பதிவு செய்த வேலை நேரத்துக்கு வராத தொழிலாளர்களின் தரவரிசையை அதன் அல்காரிதம் இறக்கியது. காய்ச்சலா, வேலைநிறுத்தமா, சும்மா வரவில்லையா என்று அது பார்க்கவில்லை. எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தியதே பாகுபாடு ஆனது என்றது நீதிமன்றம். வழக்கைத் தொடுத்தவை தொழிற்சங்கங்கள். அல்காரிதம் உண்மையில் எப்படி இயங்குகிறது என்பதை நிறுவனம் கடைசிவரை விளக்கவில்லை. அந்த மௌனத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அங்கே வலுவான சங்கம் இருந்தது, பாகுபாட்டு வழக்குகளில் மெய்ப்பிக்கும் சுமையை எதிர்த்தரப்புக்கு மாற்றும் சட்டம் இருந்தது. மதுரையில் பைக் ஓட்டும் ஒரு தோழருக்கு இந்த இரண்டில் எது இருக்கிறது?

நம்மிடம் ஒன்று இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு, சாதியின் பெயரால் கடைகளுக்குள் நுழைவதை யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இதைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது அண்ணல் அம்பேத்கர், 'கடை' என்பது உள்ளே நுழைய விடுவதோடு முடிவதில்லை, சேவையைக் கேட்டுப் பெறும் உரிமையும் அதில் அடக்கம் என்று விளக்கினார். உச்ச நீதிமன்றமும் 2011இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் இந்த விளக்கத்தை எடுத்தாண்டது. அப்படியானால் செயலியும் கடைதான். ஆனால் வாசலில் நிறுத்தியது யார் என்று பார்க்க முடியாத கடை.

இந்த விதி திடீரென முளைத்ததல்ல. பசிபிக் நாடுகளின் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. பிறகு அமெரிக்கா, மெக்சிகோ, கனடா ஒப்பந்தத்தில் அல்காரிதங்களையும் சேர்த்துக்கொண்டது. 2019 ஜனவரியில் உலக வர்த்தக அமைப்பின் 76 உறுப்பினர்கள் மின்வணிக விதிகளுக்கான பேச்சுவார்த்தையை டாவோஸில் அறிவித்தபோது இந்தியா சேரவில்லை. தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்து எதிர்த்தது. 2023 அக்டோபரில் அமெரிக்காவே மூலநிரல் உள்ளிட்ட கோரிக்கைகளிலிருந்து பின்வாங்கியது. தன் நாட்டுப் பெருநிறுவனங்களைத் தானே கட்டுப்படுத்த இடம் வேண்டும் என்பதே காரணம். 2024 ஜூலையில் வெளியான வரைவில் அந்த விதி இல்லை. ஜெனீவாவில் கைவிடப்பட்டதை அடுத்த ஆண்டே நாம் பிரிட்டனுக்குக் கொடுத்தோம்.

இதற்காக 'டிஜிட்டல் இறையாண்மை' முழக்கத்தின் பின்னால் போய்விடவும் கூடாது. 2019இல் குஜராத் முதலீட்டாளர் மாநாட்டு மேடையில் முகேஷ் அம்பானியும்தான் தரவுக் காலனியத்தை எதிர்த்து முழங்கினார். நிரலின் சாவி லண்டனிலிருந்து மும்பைக்கு மாறினால் சேரிக்கு என்ன கிடைக்கும்? 2001இல் டர்பன் மாநாட்டில் சாதியைப் பற்றிப் பேசவே கூடாது, அது உள்நாட்டு விவகாரம் என்று தடுத்ததும் இதே இந்திய அரசுதான். சாதி என்று வந்தால் இறையாண்மை, வர்த்தகம் என்று வந்தால் தாராளம்.

வர்த்தக ஒப்பந்தங்களுக்கு இங்கே நாடாளுமன்ற ஒப்புதல்கூடத் தேவைப்படுவதில்லை. தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருந்தாலும் மாநிலங்களின் சம்மதம் தேவையில்லை. செயலிவழித் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாடு 2023இல் நலவாரியம் அமைத்தது. கர்நாடகம் 2025இல் சட்டமே போட்டு, தானியங்கி முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும் என்றது. நாளை ஒரு மாநிலம் இன்னும் ஓர் அடி முன்னே போய், இங்கே இயங்கும் செயலிகள் சந்தைக்கு வரும் முன்பே சாதிப் பாகுபாட்டுத் தணிக்கைக்கு நிரலைத் திறந்துகாட்ட வேண்டும் என்று சட்டம் போட்டால், பிரிட்டன் நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் இந்த 12ஆம் அத்தியாயத்தைத்தான் எடுத்து வைப்பார்கள். மக்களவையில் தமிழ்நாட்டின் உறுப்பினர்கள் 39 பேர். மூலநிரல் விதி சாதிப் பாகுபாட்டுத் தணிக்கைக்குப் பொருந்தாது என்று ஒரே ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி இந்தியத் தரப்பு கேட்டதா, இல்லையா என்று அவர்களில் ஒருவராவது வர்த்தக அமைச்சரிடம் கேட்க வேண்டும்.