பட்டப்படிப்பு யாருக்கு நஷ்டம்?

காலேஜ் பட்டத்தால் என்ன பிரயோஜனம் என்கின்ற பேச்சு இப்பொழுது பட்டணத்திலும் கிராமாந்தரங்களிலும் மிகவும் பலமாகக் கேட்கின்றது. பிள்ளையை நாலு வருஷம் படிக்கவைத்து, நிலத்தையும் நகையையும் தோற்று, கடைசியில் அவன் சொற்பச் சம்பளத்திற்கு அலைவதைவிட, பேசாமல் ஒரு தொழிலில் விட்டிருந்தால் இந்நேரம் நாலு காசு பார்த்திருப்பானே என்று பூவிருந்தவல்லிக் கடைவீதியிலும் குத்தம்பாக்கம் டீக்கடையிலும் பெரியவர்கள் சொல்லிக் கொள்கின்றார்கள். கடன்பட்ட தகப்பன்மார் இப்படிச் சொல்வதில் ஆச்சரியமில்லை. அவர்களுடைய வயிற்றெரிச்சல் நியாயமானதே. ஆனால் இதே பேச்சை, மூன்று நான்கு தலைமுறையாகப் பட்டம் வாங்கி, உத்தியோகம் பார்த்து, பென்ஷனும் வாங்கி, பேரப்பிள்ளைகளை அமெரிக்காவுக்கும் அனுப்பிவிட்ட கூட்டத்தார் வந்து நமக்கு உபதேசமாகச் சொல்லும்போதுதான் நமக்குச் சந்தேகம் வருகின்றது.

நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். பட்டம் பிரயோஜனமற்றது என்பது உண்மையானால், இந்த உபதேசிகளின் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் பட்டம் வேண்டாமென்று தச்சுவேலைக்கும், சலவைக்கும், செருப்புத் தைப்பதற்கும் போயிருக்கின்றார்கள்? ஒருவரும் போகவில்லையே! தன் வீட்டில் விருந்து சமைத்து வைத்துக்கொண்டு, எதிர்வீட்டுக்காரனைப் பார்த்து, பட்டினி உடம்புக்கு நல்லது என்று சொல்லுகிறவனை நாம் யோக்கியன் என்று எப்படி நம்புவது?

இந்த உபதேசம் எந்தக் காலத்தில் புறப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். 1916இல் வெளியான பார்ப்பனரல்லாதார் அறிக்கையில் ஒரு கணக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. 1913இல் சென்னை மாகாணத்திலிருந்த நிரந்தர ஜில்லா முன்சீப்புகள் 128 பேரில் 93 பேர் பார்ப்பனர்கள். நூற்றுக்கு மூன்று பேராயிருந்த வகுப்பாருக்கு முக்கால் பங்கு உத்தியோகம் எப்படிப் போயிற்று என்றால், பட்டத்தின் மூலமாகத்தான். அன்று பட்டத்தால் என்ன பிரயோஜனம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீதிக்கட்சி மந்திரி சபை 1921இல் போட்ட வகுப்புவாரி உத்தரவு 1928இல் தோழர் முத்தையா முதலியார் காலத்தில்தான் உத்தியோகங்களில் அமுலுக்கு வந்தது. காலேஜ் இடங்களில் இருந்த வகுப்புவாரி முறையை 1951இல் சுப்ரீம் கோர்ட்டு செல்லாதென்று சொல்லவே, தமிழ்நாடு கொதித்தெழுந்து, அதே வருஷத்தில் அரசியல் சட்டமே முதல்முறையாகத் திருத்தப்பட்டது. பிரயோஜனமில்லாத ஒரு காகிதத்திற்காகவா இரண்டு பக்கத்தாரும் கோர்ட்டு வரையில் போய்ச் சண்டை போட்டார்கள்?

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1953இல், பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில் என்று ஆச்சாரியார் ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நாடு அதைக் காறி உமிழ்ந்தது. 1954இல் காமராசர் பதவிக்கு வந்து அதை ஒழித்தார். ஒழிந்ததென்று நாம் நினைத்தோம். 2023இல் மத்திய சர்க்கார் விஸ்வகர்மா என்கின்ற பெயரால் 18 பரம்பரைத் தொழில்களைப் பட்டியல் போட்டு, 18 வயது ஆனவுடனே கடனும் பயிற்சியும் தருகிறோம் என்று வந்தது. பதினெட்டு வயது என்பது பிள்ளை காலேஜ் வாசற்படியில் கால் வைக்கின்ற வயதல்லவா? அந்த வயதில் உளியும் சுத்தியும் வாங்கக் கடன் கொடுப்பதற்கு என்ன அர்த்தம்? வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு சர்க்கார் கேட்டது. அது நடக்காததால் அந்தத் திட்டத்தை அந்த உருவத்தில் நடத்த முடியாதென்று 2024 நவம்பரில் எழுதிவிட்டது. இது சரியான காரியமென்றே சொல்லுவோம்.

18 வயது முதல் 23 வயது வரையுள்ளவர்களில் உயர்படிப்பில் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 47 என்றும், இந்தியா முழுமைக்கும் 28.4 என்றும் மத்திய சர்க்காரின் 2021-22ஆம் வருஷத்துக் கணக்கே சொல்லுகின்றது. நம்மவர்கள் கூட்டங்கூட்டமாக உள்ளே நுழைந்த பிறகுதான் பட்டம் மலிந்துவிட்டது, மதிப்பில்லை என்கின்ற பேச்சு கிளம்பியிருக்கின்றது என்பதை வாசகர்கள் மறக்கக்கூடாது.

நிற்க, இவ்வளவும் சொன்னதினால் எந்தப் பட்டமானாலும் என்ன விலையானாலும் வாங்கிவிட வேண்டும் என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. நம் மக்களுடைய படிப்பு ஆசையை மூலதனமாக வைத்துப் பிழைக்கின்ற ஒரு வியாபாரம் 1984-க்குப் பிறகு இந்நாட்டில் வளர்ந்திருக்கின்றது. குத்தம்பாக்கத்திலிருந்து பெங்களூர் ரோட்டில் ஸ்ரீபெரும்புதூர் வரையில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் காலேஜ் வளைவுகளைப் பார்க்கலாம். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் ஐந்நூறுக்கு மேலிருந்த இன்ஜினீயரிங் காலேஜுகளில் பல இன்று மூடிக் கிடக்கின்றன. அங்கே பணத்தைக் கொட்டிய தகப்பன்மாருக்கு யார் திருப்பிக் கொடுத்தார்கள்? நன்கொடை வாங்கக்கூடாதென்று 1992-லேயே சட்டம் இருக்கின்றது. சட்டம் புஸ்தகத்தில் இருக்கின்றது, நன்கொடை வேறு வேறு பெயர்களில் நடக்கின்றது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு லட்சம் ரூபாய் நூற்றுக்குப் பத்து வட்டியில் கடன் வாங்கினால், படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமலே, ஐந்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 8,500 ரூபாய் கட்டவேண்டும். பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் சம்பளம் பதினையாயிரம் என்றால் பாதிக்குமேல் பாங்கிக்குப் போய்விடும். மீதியில் அறை வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு என்ன வரும்? ஆனால் அதே பிள்ளை சர்க்கார் கலைக் கல்லூரியிலோ, கவுன்சிலிங் மூலம் சர்க்கார் ஒதுக்கீட்டிலோ சேர்ந்து, முதல் பட்டதாரிக்கு 2010-லிருந்து தரப்படும் சலுகையையும் வாங்கிக்கொண்டால், இந்தக் கடனில் பெரும்பாகம் வேண்டியதேயில்லை. ஆகவே நஷ்டம் பட்டத்தினால் வருவதல்ல, விசாரிக்காமல் விலை கொடுப்பதினால் வருவதாகும்.

நம்மவர்கள் கத்தரிக்காய் வாங்கும்போது நாலு கடை பார்க்கின்றார்கள். காலேஜில் சேர்க்கும்போதோ, அங்கே எத்தனை வாத்தியார்கள் இருக்கின்றார்கள், போன வருஷம் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு என்ன சம்பளத்தில் வேலை கிடைத்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, பஞ்சாங்கத்தைப் பார்த்து ராகுகாலம் கழிந்ததா என்று கேட்டுப் பணத்தைக் கட்டுகின்றார்கள். நல்ல நேரத்தில் கட்டிய பணம் எந்த மூடிய காலேஜைத் திறந்து வைத்தது?

மற்றொரு சங்கதி. 2024இல் குரூப் 4 பரீட்சைக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பம் போட்டவர்களோ 20 லட்சத்துக்கு மேல். பத்தாவது தேறியவர் எழுதக்கூடிய பரீட்சையில் பட்டதாரிகள் மோதிக் கொள்கின்றார்கள். இதைக் காட்டி, பார்த்தீர்களா, பட்டம் வீண் என்கிறார்கள். வேலையை உண்டாக்காத குற்றம் சர்க்காரையும் முதலாளிகளையும் சேர்ந்ததேயொழிய, படித்தவன் குற்றமாகாது. படிக்காதவனுக்கு மட்டும் வேலை காத்துக்கொண்டிருக்கின்றதா? ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் திறந்த நோக்கியா கம்பெனியில், காலேஜ் எதற்கு, பிளஸ் டூ போதும் என்று போன பிள்ளைகள் ஆயிரக்கணக்கானவர்கள். 2014இல் கம்பெனி கதவைச் சாத்தியபோது அவர்கள் கையில் பட்டமும் இல்லை, தொழிலும் இல்லை.

பட்டத்தின் பயன் சம்பளம் மாத்திரந்தானா என்றால், அல்ல என்பதற்குக் குத்தம்பாக்கமே சாட்சி சொல்லும். அந்த ஊரிலே பிறந்த ஆதிதிராவிடரான திரு. ஆர். இளங்கோ கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்து, உத்தியோகத்திலும் இருந்து, அதை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, 1996இல் பஞ்சாயத்துத் தலைவரானார். அவர் காந்தியார் வழியைச் சொல்லுகிறவர். அதில் நமக்கும் அவருக்கும் அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் அவர் காலத்தில் அந்த ஊர்ச் சமத்துவபுரத்தில் இரட்டை வீடுகள் கட்டி, ஒரே சுவருக்கு ஒரு பக்கம் ஆதிதிராவிடர் குடும்பமும் மறுபக்கம் மற்ற ஜாதிக் குடும்பமும் குடியேற்றப்பட்டதை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது. சேரி வேறு ஊர் வேறு என்று ஆயிரம் வருஷமாய் இருந்த நாட்டில், சுவரைப் பிரிப்பதற்கு அல்லாமல் சேர்ப்பதற்குக் கட்டினார்கள். இந்தப் படிப்பின் லாபத்தை எந்த பாங்கிக் கணக்கில் எழுதுவது?

படித்தவரெல்லாம் இப்படி ஆகிவிடுகிறார்களா என்றால், அதுதான் இல்லை. எம்.ஏ. படித்தவன் கல்யாண விளம்பரத்தில் உட்பிரிவு வரையில் ஜாதி கேட்கின்றான். இன்ஜினீயர் மாப்பிள்ளை தன் பட்டத்தைத் தராசில் வைத்துப் பவுன் கணக்கில் வரதட்சணை வாங்குகின்றான். 2016இல் உடுமலைப்பேட்டையில், வேறு ஜாதிப் பெண்ணைக் கலியாணம் செய்துகொண்ட குற்றத்திற்காக ஓர் ஆதிதிராவிட இன்ஜினீயரிங் மாணவரைப் பட்டப்பகலில் நடுரோட்டில் வெட்டிக் கொன்றார்கள். சுயமரியாதை இல்லாத படிப்பு, கூலி வாங்கும் கருவியே தவிர அறிவாகாது.

ஆகவே தோழர்களே! பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். பெண்ணை முதலில் படிக்க வையுங்கள்; ஏனென்றால் கடன் என்று வந்தால் பெண்ணின் படிப்பைத்தான் முதலில் நிறுத்துகின்றார்கள். வீட்டில் பணம் குறைவானால் காதுகுத்து, கிரகப்பிரவேசம், திருப்பதி யாத்திரை இவைகளை நிறுத்துங்கள், படிப்பை நிறுத்தாதீர்கள். பெருமைக்காக மானேஜ்மெண்டு சீட்டு வாங்க நிலத்தை விற்காதீர்கள். குத்தம்பாக்கத்தில் பஸ் நிலையம் கட்டிய பிறகு நிலத்திற்கு விலை கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. விற்ற நிலம் திரும்ப வருமா? வேண்டிய அளவு சர்க்கார் கல்லூரி திறக்கும்படி ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் கேளுங்கள்.

பட்டம் வேண்டாமென்று உங்களுக்குச் சொல்லுகிறவன் எவனாயிருந்தாலும், முதலில் அவன் பிள்ளை என்ன படிக்கின்றான் என்று கேட்டுவிட்டு, பிறகு அவன் பேச்சுக்குக் காது கொடுங்கள் என்பதே நாம் உங்களுக்குச் சொல்லிக் கொள்வதாகும்.