படியிறங்கிப் போகும் வீடுகள்

'கதாநாயகன் படியேறி வீட்டுக்குள் வந்தான்' என்று எழுதுவது கதாசிரியர்களின் நெடுநாள் வழக்கம். சென்னைத் தெருக்களை வைத்து எழுதுகிறவர்கள் இனி இந்த வாக்கியத்தைக் கைவிட வேண்டியதுதான். மேற்கு மாம்பலத்தில் பழைய வீடு ஒன்றுக்கு அவன் போவதானால், பல இடங்களில் தெருவிலிருந்து படியிறங்கித்தான் உள்ளே போக முடியும். வீடு பூமிக்குள் புதைந்துவிடவில்லை, ஐயா! கட்டினவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. தெருதான் வளர்ந்துவிட்டது.

இப்படிப்பட்ட வீட்டின் சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம் வரையில் ஓதம் ஏறி, காரை பொருக்குப் பொருக்காக உதிரும். வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அடைமழை நாளில் தரைக்கல் இடுக்கிலிருந்தே தண்ணீர் ஊறும். வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? பெயிண்ட் கடைக்குப் போகிறார். ஓதத்தை ஓட்டுவதாகச் சொல்லி விற்கும் சாயத்தை டப்பா டப்பாவாக வாங்கி வந்து உட்சுவரில் பூசுகிறார். அடுத்த ஐப்பசியில் அது கொப்புளம் கொப்புளமாகக் கிளம்புகிறது. மறுபடியும் கடை, மறுபடியும் டப்பா. இன்னும் சிலர் பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தியெறிந்துவிட்டு, கெட்டியாக இருக்கட்டும் என்று சிமெண்டைப் பூசுகிறார்கள். சுண்ணாம்புக் காரை, உள்ளே ஏறின ஈரத்தை மூச்சு விடுவதுபோல் வெளியே விட்டுக்கொண்டிருந்தது. சிமெண்ட் அதன் மூக்கைப் பொத்திவிடுகிறது. போக்கிடமில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறுகிறது. காசு கொடுத்து வியாதியை வளர்ப்பது என்றால் இதுதான்.

கட்டடம் கட்டுகிறவர்கள் இந்தச் சங்கதியை அறியாதவர்கள் அல்ல. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் செங்கல் மண்ணிலுள்ள நீரை இழுத்து மேலே ஏற்றும். அதை மறிப்பதற்காகத்தான் பேஸ்மட்டத்தின் தலையில், சுவரின் முழு அகலத்துக்கும், நீர் புகாத காங்கிரீட் அடுக்கு ஒன்று போடுகிறார்கள். டி.பி.சி. என்று அதற்குப் பெயர். வெளித்தரைக்கு மேல் குறைந்தது 150 மில்லிமீட்டர், அதாவது அரையடி உயரத்திலாவது அது இருக்க வேண்டும் என்பது தொழிலின் பாலபாடம்.

இப்போது கண்டிராக்டர் வருகிறார். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுத் தாரைக் கொட்டுகிறார். தடவைக்கு 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஐந்து தடவையில் 200 மில்லிமீட்டர். அரையடிக் காவல் அதோடு ஒழிந்தது! தெருவுக்குச் சமமாக வாசல் மண்ணையும் நிரவிவிட்டால் அந்த அடுக்கு மண்ணுக்கடியில் போய்விடுகிறது. தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு மேல் சுவரில் நேராக நுழைகிறது. தெருவில் நடந்த அக்கிரமத்துக்கு உள்ளறையில் எத்தனை கோட் பெயிண்ட் அடித்து என்ன பிரயோஜனம்?

சுரண்டினால் செலவு கூடும் என்கிறார்கள். யாருக்குக் கூடும்? மாநகராட்சிக் கணக்கில் மிச்சம் பிடித்த செலவு எங்கும் மறைந்துவிடவில்லை. தெருவாசிகளின் மளிகைப் பணத்திலும் மருந்துப் பணத்திலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. சந்துக்குள் பெரிய இயந்திரம் நுழையாது என்று இன்னொரு சமாதானம். சந்தில் நுழையக்கூடிய சிறிய இயந்திரங்களும் உலகில் உண்டு. தார் லாரி மட்டும் எப்படியோ நுழைந்துவிடுகிறதே!

வசதியுள்ளவர்கள் வீட்டையே தூக்கிவிடுகிறார்கள். அஸ்திவாரத்துக்கு மேலே சுவரை அறுத்து, வரிசையாக ஜாக்கிகளைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, அடியில் புதிதாகக் கட்டி நிரப்புகிறார்கள். அந்தத் தொழிலாளிகளின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். ஆனால், ஒரு வீடு மூன்றடி எழும்பினால் அதன் வாசலில் நின்ற மழைத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகிறது. பக்கத்து வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் பென்ஷன்காரரோ, தையல் மெஷினை நம்பிப் பிழைக்கும் அம்மாளோ ஜாக்கிக்கு எங்கே போவார்கள்? அரிசி டின்னைப் பலகை மேல் ஏற்றி வைப்பார்கள். பாயை வெயிலில் உலர்த்துவார்கள். ஈரச் சுவரில் படரும் பூஞ்சையைத் தினமும் சுவாசிப்பார்கள். ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுக்கோளாறும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் தனி வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. குழந்தைக்கு இளைப்பு வந்தால் ஐஸ் தின்றதால் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டியெடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும், வீடுகளுக்குள் தண்ணீர் புகும்படி சாலை மட்டத்தை உயர்த்தக் கூடாது என்று தெளிவாகவே எழுதினார். அதன் பிறகும், சுரண்டாமல் போட்டார்கள் என்ற புகார்கள் வராமல் இல்லை. காகிதத்தில் உள்ள உத்தரவு தானாகத் தெருவுக்கு நடந்து வருமா?

தார் லாரி பெரும்பாலும் இரவில், ஊர் உறங்கின பிறகு வருகிறது. ஆகவே தெருக்காரர்கள் வேலை தொடங்கும் முன்பே ஓர் அடிக்கோலை எடுத்துக்கொண்டு, வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளியை வீட்டுக்கு வீடு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சாலை போட்ட மறுநாள் காலையில் மறுபடியும் அளவெடுங்கள். இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதி, வீடு தூக்கினவர் உட்பட எல்லோரும் கையெழுத்திட்டு, வார்டு பொறியாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பெயிண்ட் கடைக்கு அப்புறம் போகலாம்.