வால்டன் ஏரிக்கரையில் ஒரு பகல்



சென்ற ஐப்பசி மாதம், ஆயரவர்களின் அனுமதியோடு நான்கு வார விடுப்பில் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகருக்குச் சென்றிருந்தேன். என் தமக்கையின் மகள் அங்கே கணவன், மகனோடு வாழ்கிறாள். வந்திறங்கிய மறுநாளே, "மாமா, எதைப் பார்க்க வேண்டும், சொல்லுங்கள்" என்று கேட்டாள். வானுயர்ந்த கட்டடங்களையும் பெரிய கடைகளையும் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாள் போலும். எனக்கு ஓர் ஏரியைச் சுற்றி நடக்க வேண்டும் என்றேன். குருமடத்தில் எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த முதிய குருவானவர் பாடம் எங்கே தொடங்கினாலும் அந்த ஏரியில்தான் கொண்டுபோய் முடிப்பார். அந்த ஏரியின் பெயர் வால்டன்.

ஏரி என்று நான் சொன்னாலும், அவ்வூர் வழக்கில் அது குளம்தான். பரப்பு அறுபது ஏக்கர் சொச்சம். நம் மாவட்டத்துக் கண்மாய்கள் பலவும் இதைவிடப் பெரியவை. ஆழம் மட்டும் வேறு. பனியூழி முடிந்து பனிப்பாளங்கள் வடக்கே பின்வாங்கியபோது, மலைபோன்ற பனிக்கட்டி ஒன்று மணலுக்கும் சரளைக்கும் அடியில் புதைந்து, பின்னர் மெல்ல உருகியதால் ஏற்பட்ட பள்ளம் அது. எந்த ஓடையும் அதில் வந்து விழுவதில்லை. எந்த ஓடையும் அதிலிருந்து புறப்படுவதுமில்லை. நிலத்தடி நீரே அதை நிரப்புகிறது. அடியே காணாத குளம் என்று ஊரார் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ஹென்றி டேவிட் தோரோ என்னும் இளைஞர் 1846-இல், நீர் உறைந்திருந்த காலத்தில், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்து, 102 அடி என்று கணக்குச் சொன்னார். பின் வந்தோர் நவீனக் கருவிகளால் அளந்தபோதும் ஏறக்குறைய அதே எண்தான் கிடைத்தது.

இந்தத் தோரோவைப் பற்றியே எங்கள் ஆசிரியர் ஓயாது பேசுவார். 1845-ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று, தம் இருபத்தேழாம் வயதில், இந்த ஏரிக்கரையில் தாமே கட்டிய சிறு குடிலில் குடியேறி, 1847 செப்டம்பர் 6 வரை அங்கே வாழ்ந்தார். எவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு மனிதன் நிறைவாக வாழ முடியும் என்று சோதித்துப் பார்த்த அந்த வாழ்வை 'வால்டன்' என்ற நூலாக 1854-இல் வெளியிட்டார். அடிமை முறையையும் மெக்சிகோ மீதான போரையும் நடத்தும் அரசுக்குத் தலைவரி செலுத்த மாட்டேன் என்று கூறி, ஓர் இரவு சிறையில் இருந்தவரும் அவரே. அதுபற்றி அவர் எழுதிய கட்டுரையின் சாரத்தைக் காந்தியடிகள் 1907-இல், தென்னாப்பிரிக்காவில் தாம் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வெளியிட்டார் என்றால், அந்த ஓர் இரவு எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டோம். மருமகளுக்கும் அவள் கணவருக்கும் வேலை இருந்தமையால், அவர்களுடைய பதினான்கு வயது மகனே எனக்கு வழிகாட்டி. என்னைச் 'சாமித் தாத்தா' என்றுதான் அழைப்பான். பாஸ்டனிலிருந்து கான்கார்டு என்னும் சிற்றூருக்கு ரயிலில் முக்கால் மணி நேரம். கார் வைத்திருப்போரும் இலையுதிர் காலத்துச் சனி, ஞாயிறுகளில் ரயிலை நாடுவது நல்லது; ஏரியருகே வண்டி நிறுத்துமிடம் நிறைந்துவிட்டால் வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கான்கார்டை அடைவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு, மரங்களுக்கிடையே நீர் பளிச்சிட்டது. "அதுதான்" என்றான் பையன். எனக்குத் திகைப்பாயிருந்தது. உலகைத் துறந்த ஒருவர் தங்கிய காட்டின் விளிம்பை உரசிக்கொண்டு ரயில் ஓடுகிறதே! பின்புதான் அறிந்தேன்: அந்த இருப்புப் பாதை அவர் குடியேறுவதற்கு முன்பே, 1844-இலேயே, போடப்பட்டுவிட்டது.

நிலையத்திலிருந்து ஏரிக்கு அரைமணி நேர நடை. வழியில் ஒரு பெருஞ்சாலையை மட்டும் விளக்குப் பார்த்துக் கடக்க வேண்டும். முதலில், சாலையோரத்தில் குடிலின் மாதிரி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அகலம் பத்தடி, நீளம் பதினைந்தடி. ஒரு கட்டில், ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், ஓர் அடுப்பு. எங்கள் பங்கு இல்லத்தின் சமையற்கட்டு இதைவிடப் பெரிது என்பதை வெட்கத்தோடு குறித்துக்கொள்கிறேன்.

ஏரியைச் சுற்றும் பாதை ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர். மூட்டுவலிக்காரனாகிய நானே இடையிடையே உட்கார்ந்து எழுந்து ஒன்றரை மணியில் சுற்றி முடித்தேன் என்றால், உங்களில் எவருக்கும் அது கடினமாயிராது. கரை சரிந்துவிடாதபடி பாதையின் இருபுறமும் கம்பி கட்டியிருக்கிறார்கள். விலகி நடக்க முடியாது. நீரின் தெளிவைப் பற்றி ஒரு சொல்: கழுத்தளவு நீரில் நிற்கும் மனிதனின் கால்விரல்களை எண்ணலாம். ஆம், அந்தக் குளிரிலும் சிலர் நீந்திக்கொண்டிருந்தனர்! கம்பளிச் சட்டைக்குள்ளே நான் நடுங்கினேன்.

மரங்களை என்னவென்று எழுதுவேன்! மேப்பிள் மரங்கள் செக்கச் சிவந்திருந்தன. வேறு பல பொன்மஞ்சளாயிருந்தன. ஓக் மரங்கள் அப்போதுதான் பழுப்பேறிக் கொண்டிருந்தன. பகற்பொழுது குறுகிக் குளிர் தொடங்கியதும் இலையின் பச்சையம் சிதைகிறதாம். கோடை முழுதும் அதற்குப் பின்னே மறைந்திருந்த மஞ்சள் அப்போது வெளிப்படுகிறதாம். சிவப்பு மட்டும் உதிரப்போகும் வேளையில் இலை புதிதாக உண்டாக்கிக் கொள்வது. இது பையன் பள்ளியில் படித்தது. நான் மாணவனாய்க் கேட்டுக்கொண்டு நடந்தேன்.

வடகரையில், சற்றே மேட்டில், குடில் நின்ற மெய்யான இடம் இருக்கிறது. 1945-இல் ஒருவர் தோண்டிப் புகைபோக்கியின் அடித்தளத்தைக் கண்டுபிடித்து இடத்தை உறுதி செய்தாராம். இப்போது கல்தூண்கள் நட்டு, சங்கிலி கோத்திருக்கிறார்கள். அருகே ஒரு கற்குவியல்; 1872 முதல் வருவோரெல்லாம் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போகிறார்கள். பையனும் ஒன்று வைத்தான். நானும் குனிந்து ஒரு கல்லை எடுத்தேன், ஆனால் வைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பயணத்துக்கு முன்பு அந்த நூலை முப்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் படித்திருந்தேன். இளமையில் கண்ணுக்குத் தப்பிய சில பக்கங்கள் இம்முறை நெஞ்சில் முள்ளாய்த் தைத்தன. குடிலைக் கட்ட ஆன மொத்தச் செலவு இருபத்தெட்டு டாலர், பன்னிரண்டரை சென்டு என்று அவர் காசு குறையாமல் கணக்கு எழுதியிருக்கிறார். அப்பலகைகள் எங்கிருந்து வந்தன? ரயில் பாதையில் வேலை செய்த ஜேம்ஸ் காலின்ஸ் என்னும் அயர்லாந்துக்காரரின் குடிசையை நாலேகால் டாலருக்கு விலை பேசினார். பிறகு அதைப் பிரித்து, ஆணிகளைப் பிடுங்கி, பலகைகளை ஏரிக்கரைக்குக் கொண்டு சேர்த்தார். பேசியபடி காலின்ஸ் குடும்பம் மறுநாள் விடியலிலேயே வெளியேற வேண்டும். காலை ஆறு மணிக்கு அவர்களை வழியில் சந்தித்ததாக எழுதுகிறார். படுக்கை, காப்பிக்கொட்டை அரைக்கும் பொறி, முகம் பார்க்கும் கண்ணாடி, கோழிகள்: குடும்பத்தின் உடைமை முழுவதும் ஒரே மூட்டை. அக்குடிசையிலேயே பிறந்த ஒரு கைக்குழந்தையும் அவ்வீட்டில் இருந்தது. பூனை மட்டும் உடன் செல்லாமல் காட்டுக்குள் ஓடிவிட்டது. அது காட்டுப் பூனையாகி, பின்னர் ஒரு பொறியில் சிக்கிச் செத்தது என்றும் அவர் தவறாமல் பதிவு செய்திருக்கிறார்.

அயர்லாந்திலிருந்து கூலி வேலைக்கு வந்த அந்த மக்களுள் பெரும்பாலோர் நம் திருச்சபையினர். நம் மக்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன அதே நூற்றாண்டில் அவர்கள் கடல் கடந்தார்கள்.

அக்காட்டில் அவருக்கு முன்பு வாழ்ந்தவர்களும் உண்டு. விடுதலை பெற்ற அடிமைகளான பிரிஸ்டர் ஃப்ரீமன், தனியாக வாழ்ந்து நூல் நூற்றுப் பிழைத்த சில்ஃபா ஒயிட் முதலியோருக்கு, ஊருக்குள் இடமில்லாமையால், பயிர் விளையாத அந்த மணற்காடே புகலிடமாயிற்று. 1812-இல் தொடங்கிய போரின்போது, சில்ஃபா வெளியே சென்றிருந்த நேரத்தில் அவருடைய வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். நாயும் பூனையும் கோழிகளும் எரிந்து போயின. தோரோ இவர்களை மறைக்கவில்லை. ஓர் அதிகாரத்தையே அவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார். ஆனால் அவர் விரும்பி வந்த காட்டில் அவர்கள் வேறு வழியின்றி வாழ்ந்தார்கள். அவருக்கு நிலம் நண்பர் எமர்சனுடையது, வாடகை இல்லை. தாய்வீடு நடைதூரத்தில் இருந்தது. வேண்டும்போது சென்று உண்டு வரலாம்.

இன்னொரு பக்கம் என்னை நேராகவே குத்திற்று. மழைக்கு ஒதுங்கிய ஒரு குடிசையில் ஜான் ஃபீல்டு என்ற அயர்லாந்துக்காரர் மனைவி மக்களோடு இருக்கிறார். சதுப்பு நிலத்தை ஏக்கர் பத்து டாலர் கூலிக்கு வெட்டிக் கொடுப்பவர். ஒழுகும் கூரையின் கீழ் அமர்ந்து தோரோ அவருக்கு அறிவுரை சொல்கிறார்: தேநீரையும் காப்பியையும் வெண்ணெயையும் பாலையும் இறைச்சியையும் விட்டுவிட்டால் இவ்வளவு உழைக்கத் தேவையில்லையே என்று. கணவர் பெருமூச்செறிந்தாராம்.

அப்பக்கத்தில் நூலை மூடிவிட்டேன். ஏனெனில் அந்தக் குடிசைக்குள் நானும் அமர்ந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, உப்பளத் தொழிலாளர் நிறைந்த ஒரு பங்கில் இருந்தபோது, தவக்காலத்தில் வீடு சந்திக்கச் சென்றேன். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வழியில்லை என்று ஒரு தாய் கண்கலங்கினாள். "உங்கள் கணவர் நாளொன்றுக்கு எத்தனை முறை கடையில் தேநீர் குடிக்கிறார்? தவக்காலத்தில் அதை விட்டால் சேமிக்கலாமே" என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவள் கோபிக்கவில்லை. "அந்தத் தேத்தண்ணி இல்லேன்னா, விடியக் காலையில உப்பு வாருறதுக்கு அவருக்கு உடம்பு ஓடாது சாமி" என்றாள். அவள் அண்டை வீட்டில் கடன் வாங்கிய சர்க்கரையிட்டுத் தந்த தேநீர்க் குவளை அப்போது என் கையில் இருந்தது.

ஆதலால்தான் அந்தக் கல்லை வைக்கக் கை எழவில்லை. தோரோவைத் தீர்ப்பிட எனக்குத் தகுதியில்லை. தப்பி வந்த அடிமைகளைக் கனடாவுக்கு அனுப்பி வைக்க உதவியவர் அவர்; நான் என் ஆயுளில் அத்தகைய துணிவான செயல் எதையும் செய்ததில்லை. இருந்தும் அந்தக் கல் என் கையிலேயே சூடேறிக்கொண்டிருந்தது. பிறகு அதை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டேன்.

சென்னை அன்பர்களுக்காக ஒரு செய்தி. 1846–47 குளிர்காலத்தில் நூறு அயர்லாந்துக் கூலிகள் இவ்வேரிக்கு வந்து பனிக்கட்டி அறுத்தார்கள். கல்கத்தாவுக்கும் மதராசுக்கும் பாஸ்டனிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்த காலம் அது. மெரினா கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் 'ஐஸ் ஹவுஸ்' அதைச் சேமிக்கவே 1842-இல் கட்டப்பட்டது. சென்னை மக்கள் தம் கிணற்றில் நீர் அருந்துவதாகத் தோரோ கற்பனை செய்து மகிழ்கிறார். ஆனால் அறுத்தெடுத்த குவியலில் பெரும்பகுதி விலைபோகாமல் உருகி ஏரிக்கே திரும்பிவிட்டதென்றும் அவரே சொல்கிறார்.

பிற்பகலில் ஊருக்குத் திரும்பினோம். கான்கார்டு அழகிய சிற்றூர். வெள்ளை மரவீடுகள், வாயிற்படிதோறும் பூசணிக்காய்கள். 1775 ஏப்ரல் 19 அன்று ஆங்கிலப் படையை ஊர் உழவர்கள் எதிர்த்து நின்ற பாலம் இங்கேதான் இருக்கிறது. என் மூட்டு அதுவரை செல்ல இசையவில்லை. சூடான சூப்பும் ரொட்டியும் உண்டபின், சதுக்கத்தருகே இருந்த கத்தோலிக்கக் கோவிலில் சற்று நேரம் அமர்ந்தேன். பிறகு ஸ்லீப்பி ஹாலோ கல்லறைத் தோட்டம். எமர்சனுக்குப் பெரும் பாறை ஒன்று நாட்டியிருக்கிறார்கள். 1862-இல் நாற்பத்து நான்கு வயதில் காசநோயால் இறந்த தோரோவுக்கு முழங்கால் உயரம்கூட இல்லாத சிறு கல். அதில் 'ஹென்றி' என்ற பெயர் மட்டும். அது எனக்குப் பிடித்திருந்தது.

மாலை ரயிலில் இடம் தாராளமாகக் கிடைத்தது. காலின்ஸ் கதையை வழிநெடுகப் பையனுக்குச் சொல்லியிருந்தேன். நெடுநேரம் பேசாதிருந்தவன், மரங்களுக்கிடையே ஏரி மீண்டும் தெரிந்தபோது கேட்டான்:

"அந்தப் பாப்பாவை எங்கே தூக்கிக்கொண்டு போனார்கள், சாமித் தாத்தா?"

"புத்தகத்தில் இல்லையடா."

"பூனைக்கு என்ன ஆனது என்று மட்டும் எழுதியிருக்கிறாரே?"

நான் சன்னல் பக்கம் திரும்பினேன். ஏரி அதற்குள் போய்விட்டிருந்தது.