மூடும் கதவு எல்லா மின்சார ரயிலுக்கும் வேண்டும்: சென்னைப் புறநகர் ரயில்கள் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

சென்னைப் புறநகர்த் தடங்களில் ஏசி மின்சார ரயில்களை இன்னும் அதிகமாக விடலாமா? பயணிகளில் ஒரு சாரார் வேண்டும் என்கிறார்கள். இன்னொரு சாரார் கூடவே கூடாது என்கிறார்கள். எங்கள் சங்கத்தின் பதில் இதுதான்: தாராளமாக விடலாம், ஆனால் ஒரு சாதாரண ரயிலைக்கூட எடுத்துவிட்டு அந்த நேரத்தில் விடக் கூடாது. இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. தானாக மூடும் கதவு ஏசி ரயிலோடு நின்றுவிடக் கூடாது. குளிர்ந்த காற்றுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கலாம். உயிர்ப் பாதுகாப்புக்கு வாங்கக் கூடாது.

பின்னணி

சென்னையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல், கடற்கரை – தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில். அந்த மீட்டர்கேஜ் ரயில்கள் 2004இல் விடைபெற்று, தடம் முழுவதும் அகலப்பாதையானது. ரயில்கள் நீளமாயின, மின்சாரத் தொழில்நுட்பம் மாறியது, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) பல தலைமுறை மின்சார ரயில் தொடர்களை (மின்தொடர்களை) செய்து நாடெங்கும் அனுப்பியது. ஆனால் சாதாரண மின்சார ரயிலின் வாசல் மட்டும் மாறவில்லை. ஓடும்போதும் அது திறந்தே கிடக்கிறது.

2025 ஏப்ரல் 19 அன்று கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு தடத்தில் முதல் ஏசி மின்சார ரயில் ஓடியது. 12 பெட்டிகள், உட்கார 1,116 பேருக்கும் நிற்க 3,798 பேருக்கும் இடம், தானியங்கிக் கதவுகள். குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், செங்கல்பட்டு வரை 105 ரூபாய். சாதாரண ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். முதலில் அறிவித்த நேரங்கள் அலுவலகம் செல்வோருக்கு ஒத்துவரவில்லை என்ற குரல் எழுந்தது. பயணிகளின் கருத்தைக் கேட்டு மே மாதத்திலேயே நேரத்தை மாற்றி, சேவைகளையும் கூட்டினார்கள். அதை எங்கள் சங்கம் வரவேற்கிறது.

கதவு ஏன் முதல் கோரிக்கை

2018 ஜூலை 24 காலையை இந்தத் தடத்துப் பயணிகள் மறந்திருக்க முடியாது. கோடம்பாக்கம் அருகே மின்கம்பி அறுந்ததால் ரயில்கள் தடைபட்டு, நடைமேடைகளில் கூட்டம் சேர்ந்தது. அதன் பிறகு வந்த ரயில் விரைவுப் பாதைக்குத் திருப்பிவிடப்பட்டது. பரங்கிமலை நிலையத்தில் அந்தப் பாதையை ஒட்டியிருந்த கான்கிரீட் சுவரில், படியில் தொங்கி வந்தவர்கள் மோதி விழுந்தார்கள், உயிர்கள் போயின. அவர்கள் சாகசத்துக்காகத் தொங்கியவர்கள் அல்லர். உள்ளே கால்வைக்க இடமில்லை, வேலைக்கு நேரமாகிறது, வாசல் திறந்திருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் படியில் ஆள் நிற்கத்தான் செய்வார்.

ரயில்வே சட்டம் 1989இன் 156ஆம் பிரிவு, படியில் பயணம் செய்வதைக் குற்றம் என்கிறது. மூன்று மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம். அதே சட்டத்தின் 124ஏ பிரிவு, ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தரச் சொல்கிறது. 2017 முதல் அந்தத் தொகை 8 லட்சம் ரூபாய். ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்தவர் அஜாக்கிரதையாக இருந்தார் என்று சொல்லி மட்டும் இழப்பீட்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ரீனா தேவி வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. விழுவதற்கு முன் தண்டனையும் விழுந்த பின் இழப்பீடும் சட்டத்தில் இருக்கின்றன. விழாமல் தடுக்கும் கதவுதான் பெட்டியில் இல்லை.

மும்பை சொல்லும் பாடம்

ஏசி புறநகர் ரயிலை இந்தியாவில் முதலில் கண்ட நகரம் மும்பை. 2017 டிசம்பர் 25 அன்று மேற்கு ரயில்வேயில் ஓடியது. கட்டணம் எட்டாத உயரத்தில் இருந்தவரை கூட்டம் சேரவில்லை. 2022 மே மாதத்தில் ஒற்றைப் பயணக் கட்டணத்தைப் பாதி வரை குறைத்தார்கள். 65 ரூபாய் குறைந்தபட்சக் கட்டணம் 30 ஆனது, பயணிகள் பெருகினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய ரயில்வே, சாதாரண ரயில்கள் ஓடிய நேரத்தில் ஏசி ரயில்களை விட்டபோது கல்வாவிலும் பத்லாபூரிலும் பயணிகள் போராடினார்கள். புதிதாகச் சேர்த்த 10 ஏசி சேவைகளும் திரும்பப் பெறப்பட்டன. ஏசி ரயிலின் மேல் அவர்களுக்குக் கோபமில்லை. தாங்கள் ஏறும் ரயில் பறிபோனதில்தான் கோபம்.

2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே, எதிரெதிரே கடந்த இரண்டு நெரிசல் ரயில்களின் வாசல்களிலிருந்து பயணிகள் விழுந்து இறந்தார்கள். அதன் பிறகு, மும்பைக்கான புதிய சாதாரண ரயில்களுக்கும் தானியங்கிக் கதவு பொருத்தப்படும் என்று ரயில்வே அறிவித்தது. காற்று புகும் தடுக்குகள் கொண்ட கதவு, கூரையிலிருந்து காற்றை உள்ளே தள்ளும் கருவி, பெட்டிக்குப் பெட்டி நடந்து செல்லும் இணைப்பு வழி ஆகிய மூன்றும் அந்த வடிவமைப்பில் அடங்கும். அப்படியென்றால், ஏசி இல்லாமலும் கதவை மூடலாம் என்பதை ரயில்வேயே ஒப்புக்கொண்டுவிட்டது. மும்பைக்குப் பொருந்துவது சென்னைக்கும் பொருந்தும்.

எதிர்வாதங்களும் எங்கள் பதிலும்

சித்திரை வெயிலில் மூடிய பெட்டி அடுப்பாகிவிடும் என்கிறார்கள். நியாயமான அச்சம். அதனால்தான் கதவை மட்டும் பொருத்திக் கைகழுவக் கூடாது, காற்றோட்டக் கருவியும் சேர்ந்து வர வேண்டும் என்கிறோம். மின்சாரம் தடைபட்டாலும் அந்தக் கருவி பேட்டரியில் சிறிது நேரம் ஓட வேண்டும். அவசரத்தில் பயணிகளே கதவைத் திறக்கவும் வழி வேண்டும்.

எல்லாக் கதவும் மூடினால்தான் வண்டி நகரும் என்றால் ஒவ்வொரு நிலையத்திலும் தாமதமாகும் என்கிறார்கள். தாமதம் ஆகும்தான். அதைக் கணக்கில் கொண்டு கால அட்டவணையை மாற்றி எழுதலாம். மாம்பலம், கிண்டி, தாம்பரம் போன்ற நிலையங்களில் நெரிசல் நேரத்தில் ஏறுவோரையும் இறங்குவோரையும் ஒழுங்குபடுத்த ஊழியர்களை நிறுத்தலாம்.

ஏசி ரயில் வந்தால் நெரிசல் குறையும் என்பது மூன்றாவது வாதம். காலை எட்டரை மணிக்கு ஒரு தடத்தில் ஒரு ரயிலுக்குத்தான் இடம் உண்டு. அந்த இடத்தை 35 ரூபாய் ரயில் எடுத்துக்கொண்டால், 5 ரூபாய் ரயிலுக்கு நின்றவர்கள் அடுத்த ரயிலின் படிக்கு வருவார்கள். சாதாரண ரயிலைக் குறைத்து விடும் ஏசி ரயில், படியில் தொங்குவோரைக் கூட்டவே செய்யும்.

எங்கள் கோரிக்கைகள்

1. சென்னைக்கு இனி வரும் எல்லா மின்தொடர்களிலும், ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தானியங்கிக் கதவு இருக்க வேண்டும்.

2. ஏசி அல்லாத மூடுகதவு ரயிலை ஐ.சி.எஃப். இருக்கும் இந்த நகரத்திலேயே, கோடை மாதங்களில், பயணிகளோடு ஓட்டிச் சோதிக்க வேண்டும். முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும்.

3. நெரிசல் நேரத்தில் ஓடும் சாதாரண சேவை எதையும் ஏசி சேவையாக மாற்றக் கூடாது. புதிய ஏசி ரயில்கள் கூடுதல் சேவையாகவே வர வேண்டும்.

4. மும்பையில் செய்ததுபோல ஏசி கட்டணத்தைக் குறைக்க வேண்டும். சாதாரண சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் வித்தியாசத் தொகையை மட்டும் கட்டி ஏசி ரயிலில் ஏற வழி செய்ய வேண்டும்.

5. அரக்கோணம், கும்மிடிப்பூண்டி தடங்களையும் இந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். வடக்கிலும் மேற்கிலும் இருந்து வரும் தொழிலாளர்களும் இதே வாசல்களில்தான் நிற்கிறார்கள்.

6. மூடுகதவு ரயில்கள் வரும்வரை, ரயில்கள் தடைபட்டுக் கூட்டம் சேரும் நாட்களில், வண்டியை வேறு பாதைக்குத் திருப்பும் முன் பயணிகளை ஒலிபெருக்கியில் எச்சரிக்க வேண்டும். நடைமேடையிலும் பாதுகாப்புப் படையினரை நிறுத்த வேண்டும்.

பயணிகளுக்கு

தெற்கு ரயில்வே கருத்துக் கேட்கும்போதெல்லாம் ரயில் நேரத்தைப் பற்றி எழுதுகிறோம். இனி கதவைப் பற்றியும் எழுதுவோம். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடமும் இதையே கேளுங்கள். கதவு வரும்வரை படியில் நிற்காதீர்கள். ஒரு ரயில் போனால் அடுத்தது வரும்.