எளிமையின் பேரில்

மாட்சா என்னும் பச்சைத் தேயிலைப் பொடிக்கு உலகெங்கும் மவுசு ஏறிய பிறகு, ஜப்பானியத் தேநீர்ச் சடங்கை விளக்க வருகிறவர்களும் பெருகிவிட்டார்கள். புதிதாக வரும் அறிமுகங்களில் எல்லாம் ஒரே கருத்து தவறாமல் தலைகாட்டுகிறது. பதினாறாம் நூற்றாண்டுத் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ காட்டிய வழி எளிமையாம். நீரும் தேநீரும் விருந்தாளியும் இருந்தால் போதுமாம். மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் பயிலும் உயர்நிலை முறைகள் பிற்காலக் குருபீடங்கள் கூட்டிச் சேர்த்த வெற்று ஆடம்பரமாம். படிக்கிறவர்களும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். ரிக்யூவின் பெயரைச் சொல்லியே ரிக்யூ கற்றதைத் தூக்கி எறியச் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யாருக்கும் உறைப்பதில்லை.

1585-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். நாட்டின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த டொயோடோமி ஹிதேயோஷி அந்த ஆண்டு கியோட்டோ அரண்மனையில் பேரரசர் ஓகிமாச்சிக்குத் தேநீர் அளித்தார். உடனிருந்து உதவியவர் சாகாய் நகரத்து வணிகக் குடும்பத்தில் பிறந்த சோஎகி. அரண்மனைக்குள் நுழையும் தகுதி வணிகருக்குக் கிடையாது என்பதால் அவருக்குப் பேரரசரிடமிருந்து ஒரு பௌத்தப் பெயர் அளிக்கப்பட்டது. அந்தப் பெயர்தான் ரிக்யூ. எளிமையின் சின்னமாக இன்று உலகம் உச்சரிக்கும் பெயரே நாட்டின் ஆகப் பெரிய சம்பிரதாயச் சபைக்குள் காலெடுத்து வைப்பதற்காக வந்தது. யாமாசாகியில் இரண்டே பாய் விரிக்கக்கூடிய தாய்-ஆன் அறை அவர் அமைத்ததாகக் கருதப்படுகிறது. அதுவும் ஏறத்தாழ அதே காலத்ததுதான். அரண்மனையில் நின்றவரும் அந்தச் சிற்றறையில் அமர்ந்தவரும் ஒருவரே. இரண்டாமவரை மட்டும் வைத்துக்கொண்டு முதலாமவரை மறைத்துவிட்டால் மிஞ்சுகிறவர் ரிக்யூ ஆக மாட்டார்.

பிற்காலச் சேர்க்கை என்ற வாதம் டாய்சுவிடம் வந்ததும் நொறுங்கிவிடுகிறது. கருப்பு அரக்குப் பூசிய நான்கு கால் அடுக்குப் பீடம் அது. அதன்மேல் வெண்கல நீர்க்கலம், அகப்பைத் தாங்கி, கழிநீர்க் கலம், மூடி வைக்கும் தாங்கி எல்லாம் ஒரே தொகுதியாக அமரும். 1267-இல் நம்போ ஜோமின் என்ற துறவி சீனாவிலிருந்து அதைக் கொண்டுவந்தார் என்பது மரபு. அந்தத் தேதியை நம்பாதவர்கள்கூட டாய்சு ரிக்யூவுக்கு முந்தியது என்பதை மறுக்க முடியாது. ரிக்யூவுக்கு முன்னோடியான முராதா ஜுகோவும் ரிக்யூவின் ஆசான் தாகேனோ ஜோஓவும் அந்த முறையைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். ரிக்யூவும் அதைக் கற்ற பிறகே நீர்க்கலத்தைப் பாய்மேல் இறக்கி வைத்தார். முந்தியது டாய்சு, எளிமை அதிலிருந்து பிறந்தது. வரிசையைத் தலைகீழாகப் புரட்டி வைத்துக்கொண்டு இது பின்னால் வந்த ஆடம்பரம் என்கிறார்கள். அப்படியானால் 1585-இல் அரண்மனையில் நடந்ததை எந்தக் கணக்கில் வைப்பது?

சான்றாக அவர்கள் நீட்டுவது ‘நம்போரோகு’ என்ற நூல். ரிக்யூ இறந்தது 1591-இல். தாச்சிபானா ஜிட்சுஸான் அதைத் தொகுத்தது ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து. போகட்டும், அவர்கள் விரும்பும் நூலையே எடுத்துக்கொள்வோம். அதன் ஏழு பகுதிகளில் முதல் பகுதியிலிருந்து சிற்றறையின் எளிமையைப் புகழும் வரிகளை எடுத்தாள்கிறார்கள். அதே நூலின் ஒரு முழுப் பகுதிக்குத் தலைப்பே ‘டாய்சு’ என்பதைச் சொல்வதில்லை. ரிக்யூவின் நேரடி மாணவர் யாமானோஉஏ சோஜி 1588 வாக்கில் எழுதிவைத்த குறிப்புகளையும் பார்க்கலாம். புகழ்பெற்ற சீனத் தேயிலைச் சாடிகள், பொடிக்குப்பிகள் என்று பொருட்களின் பட்டியல் அதில் பக்கம் பக்கமாக ஓடுகிறது. ரிக்யூவுக்கு அருகிலிருந்தவர் அவற்றை உதறவில்லை.

பழமை இருக்கட்டும், பயிற்சியால் என்ன பயன் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உராசென்கே மரபில் காராமோனோ, டாய்தென்மோகு என்று தொடங்கி டாய்சு முறைகள் வரை உள்ள படிகளை நூலில் அச்சிடுவதில்லை. ஆசிரியர் வாய்மொழியாகச் சொல்லித் தருகிறார். மாணவர் பார்த்து, செய்து, தவறி, மறுபடி செய்துதான் அவற்றை உடம்பில் ஏற்ற வேண்டும். காராமோனோவில் சீனத்திலிருந்து வந்த பொடிக்குப்பியை எடுப்பதும் வைப்பதும் இரு கைகளாலும். அடிப்படை முறையைவிட மாறுபடும் அசைவுகள் அதிகமில்லை. ஆனால் அந்தச் சில அசைவுகளில், ஈடு செய்ய முடியாத ஒரு பொருள் கையில் இருக்கிறது என்ற எச்சரிக்கை விரல்களுக்குள் இறங்குகிறது. டாய்தென்மோகுவில் தென்மோகு கிண்ணம் தனக்கென்று உள்ள பீடத்தின்மேல் அமர்ந்தே விருந்தாளியிடம் போகிறது. மாதக்கணக்கில் அப்படிப் பழகிய கைகள், குயவர் சோஜிரோ ரிக்யூவுக்காக வனைந்த கருப்பு ராக்கு கிண்ணத்தின் வழியில் வந்த ஒன்றை, பீடமில்லாமல் பாயில் வைக்கட்டும். எது கழற்றப்பட்டது, அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்பது அப்போது தெரியும். தென்மோகுவைத் தொடாதவருக்கு ராக்கு கிண்ணம் ஒரு கிண்ணம், அவ்வளவுதான்.

பேரரசருக்கு நாம் தேநீர் கொடுக்கப் போவதில்லையே என்பது அடுத்த ஆட்சேபம். கோயில்களிலும் ஆலயங்களிலும் குருபீடத் தலைவர்கள் தெய்வத்துக்கும் புத்தருக்கும் தேநீர் படைக்கும்போது இன்றும் பெரும்பாலும் டாய்சுவின் முன்தான் அமர்கிறார்கள். அது இல்லாவிட்டாலும், பரிமாற ஆள் இல்லாத ஒன்றைப் பயில்வது வீண் என்ற கணக்கை ஒப்புக்கொண்டால் வகுப்பறைப் பயிற்சி எதுவுமே மிஞ்சாது. பதினெட்டாம் நூற்றாண்டில் தேநீர் பயில்வோர் கூட்டம் பெருகி அது பொழுதுபோக்காகத் தேய்ந்தபோது, குருபீடத் தலைவர்களான ஒமோதேசென்கேயின் ஜோஷின்சாயும் உராசென்கேயின் இத்தோவும் பயிற்சியைக் குறைக்கவில்லை. ஏழு கூட்டுப் பயிற்சிகளை வகுத்தார்கள். அவற்றில் ஒன்றான ககெட்சுவில் அடுத்துத் தேநீர் கலக்கப் போகிறவரைச் சீட்டுதான் தீர்மானிக்கிறது. பங்கேற்கும் ஐவரும் எந்தக் கணமும் ஆயத்தமாக இருந்தாக வேண்டும். அசட்டையாக அமர ஒருவருக்கும் இடமில்லை.

உரிமச் சான்றுக்கு வாங்கும் பணத்தைக் கண்டிக்கிறார்கள் என்றால் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஒவ்வொரு படிக்கும் தனியாகச் சான்று, தனியாகக் கட்டணம் என்ற ஏற்பாடு வசதியில்லாத மாணவரை வாசலிலேயே நிறுத்துகிறது. அது நிர்வாகத்தின் குற்றம். அதை டாய்சுவின் தலையில் கட்டுவது நேர்மையில்லை. ரிக்யூவின் வழி வெறும் எளிமை என்ற குழப்பத்துக்கு வெளிநாட்டு வாசகர்களிடம் விதை தூவியதில் ஒகாகுரா காகுஸோவுக்கும் பங்குண்டு. அவர் 1906-இல் ஆங்கிலத்தில் எழுதிய தேநீர் நூலில் தாவோயிசமும் ஜென்னும் பூக்களும் வருகின்றன; கைகள் என்ன செய்ய வேண்டும் என்பது அநேகமாக இல்லை. அழகான நூல்தான். அதை மட்டும் படித்தவர்கள் தத்துவமே சடங்கு என்று நம்பிவிட்டார்கள். இப்போது ஒரு மணி நேர ‘அனுபவ’ வகுப்பில் நுரை பொங்கும் கிண்ணத்தைப் படமெடுத்துக்கொண்டு மன அமைதி கிட்டியதாக எழுதுகிறார்கள். கடைக்காரர்கள் கோணலான கோப்பைக்கு, எளிமையின் அழகைக் குறிக்கும் ‘வாபி’ என்று பெயரிட்டு விலையை ஏற்றுகிறார்கள். அவரவர் விருப்பம் என்று அதை விட்டுவிடலாம். ஆனால் வாரந்தோறும் முழங்கால் நோக அமர்ந்து, டாய்சுவின் முன் அகப்பையை எடுத்து வைப்பதை நூறாவது முறையாகத் திருத்திக்கொள்ளும் மாணவியைப் பார்த்து, ரிக்யூவின் வழியை நீ புரிந்துகொள்ளவில்லை என்று சொல்ல இவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? 1585-இல் அரண்மனைக்குள் போனவர் கற்றதைத்தான் அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள்.